கண்ணாடி கொண்டுவராத அக்கா



உங்கள் ஊர் நூலகத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? பிள்ளையைக் கூட்டிவரப் போனதைக் கேட்கவில்லை. உங்களுக்காக, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து வாசிப்பதற்காகப் போனீர்களா என்றுதான் கேட்கிறேன்.

நான் வேலை செய்யும் வன்னிப் பிரதேசத்தில் பிரதேச சபைக்குச் சொந்தமான சிறிய நூலகம் ஒன்று இருக்கிறது. காலையில் ஓய்வூதியம் பெற்ற ஐயாமார் வந்து பத்திரிகை பார்ப்பார்கள். பகலில் வேலை தேடும் இளைஞர்கள் வருவார்கள். பின்னேரம் பள்ளிப் பிள்ளைகள். பெண்கள் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார்கள், பிள்ளை வெளியே வரும்வரை. ஒருநாள் ஓர் அக்காவிடம், "உள்ளே வந்து இருங்கோவன்" என்றேன். "ஐயோ மிஸ், அங்கை ஆம்பிளையள் பேப்பர் பாக்கினம். நாங்கள் என்னத்துக்கு?" என்றார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பொதுவெளி' என்ற சொல்லைப் பரீட்சைத் தாளில் பலமுறை எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லின் கருத்து எனக்கு அந்த வேப்பமரத்தடியில்தான் விளங்கியது.

ஒக்டோபர் மாதம் இலங்கையில் தேசிய வாசிப்பு மாதம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மாதத்தில் பெண்களுக்கு ஒரு நிகழ்ச்சி செய்வோம் என்று நூலகரிடம் கேட்டேன். மனமுவந்து சம்மதித்தார். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை என எல்லாம் ஒழுங்காக நடந்தன. பதினொன்றரை ஆனதும் பெண்கள் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். முன்பள்ளி விடும் நேரம். அடுப்பு மூட்ட வேண்டிய நேரம். நன்றியுரையின்போது கதிரைகளில் பாதி வெறுமையாக இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. வந்தவர்கள் எல்லோரையும் கணக்கெடுத்து, நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது என்று அறிக்கை எழுதிவிட்டேன். அந்த அறிக்கையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை சந்தையில் மரக்கறி விற்கும் அம்மா ஒருவர் என்னை மறித்தார். "பிள்ளை, பேச்சுக் கேக்க எங்களுக்கு ஆயிரம் இடம் இருக்கு. எங்கடை பாட்டில இருந்து கதைக்கத்தான் ஒரு இடமில்லை" என்றார்.

அவர் சொன்னதை வைத்துத்தான் மீண்டும் தொடங்கினோம். நேரத்தை நான் தீர்மானிக்கவில்லை. அவர்களே சனிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணி என்றார்கள். நூலகர் சிறுவர் பகுதியில் பாய் விரித்துத் தந்தார். முதல் கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் தையலோ பின்னலோ கையில் இருந்ததைச் செய்துகொண்டு கேட்பார்கள். அரை மணி நேரம் வாசிப்பு, பிறகு கதை. மாதத்தின் கடைசிச் சனி 'கடதாசி நாள்'. வீட்டில் விளங்காமல் கிடக்கும் எந்தக் கடதாசியையும் கொண்டுவரலாம்: வங்கிக் கடிதம், கிளினிக் அட்டை, காணிப் படிவம், கடன் ஒப்பந்தம், எதுவென்றாலும். எல்லோரும் சேர்ந்து வாசிப்போம்.

அங்கே ஓர் அக்கா ஒழுங்காக வருவார். வாசிக்கும் முறை அவருக்கு வந்தால், "கண்ணாடி கொண்டு வரேல்லை, நீங்களே வாசியுங்கோ" என்பார். நான்கு கிழமையும் கண்ணாடி வரவில்லை. ஐந்தாவது கிழமை எல்லோரும் போன பின் என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு கடன் கடதாசியை நீட்டினார். கீழே அழகான கையெழுத்து இருந்தது. "கையெழுத்து வைக்கத் தெரியும் மிஸ். மேலே என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியாது."

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. வன்னிக்கு வந்த பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. முன்பு படித்ததும் கூலி வேலையில் மறந்துபோயிற்று. 2009இல் கணவர் காணாமற்போனார். (அவருடைய சம்மதத்துடன், ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.)

அவருடைய கடன் 50,000 ரூபா. கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். அவர் சம்மதித்தபடி அடுத்த கடதாசி நாளில் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். மொத்தம் 65,000 ரூபா. வட்டி 15,000. "நூற்றுக்கு முப்பதுதானே" என்றார் ஒருவர். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. முதற் கிழமையிலிருந்தே முதலையும் திருப்பிக் கட்டுகிறோம். ஆண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழப் பாதிப் பணம்தான் நம்மிடம் இருக்கும். அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பதையும் தாண்டுகிறது. பாயில் இருந்த எல்லோரும் மௌனமாகிவிட்டார்கள். அங்கே பலரிடம் இப்படியான கடதாசிகள் இருந்தன. அக்கா அந்தக் கடனைக் கட்டித்தான் தீர்த்தார். இரண்டாவது கடன் தருகிறோம் என்று வீட்டுக்கு வந்தவர்களிடம், "கடதாசியைத் தந்திட்டுப் போங்கோ, சனிக்கிழமை வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றாராம். அவர்கள் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அவர் சிறுவர் பகுதியிலிருந்த பெரிய எழுத்துப் புத்தகங்களை எடுத்து எழுத்துக்கூட்டத் தொடங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில் வாசிக்க ஆசைப்பட்டார். அங்கத்துவப் படிவம் வாங்கினோம். சோலைவரி கட்டுபவர் அல்லது அரச உத்தியோகத்தர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் பெயரில் காணி இல்லை. உறவினர் ஒருவரிடம் போனார். "உனக்கு என்னத்துக்கு இப்ப புத்தகம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

நூலகரைக் குறை சொல்ல முடியாது. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் பலமுறை இடம்பெயர்ந்த, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பிணையாளரை எங்கே தேடுவது? பதினான்கு பேர் கையெழுத்து வைத்துப் பிரதேச சபைச் செயலாளருக்குக் கடிதம் எழுதினோம். பிணையாளர் இல்லாதவர்களுக்கு வேறு வழி என்ன, இந்த விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, பொது அதிகார சபை ஒன்றிடம் இப்படித் தகவல் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்ட தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். எங்களுக்குப் பதில் வந்தது. கிராம அலுவலரின் வதிவிடக் கடிதமும் சிறு வைப்புப் பணமும் இருந்தால் போதும் என்றார்கள். அன்று ஆறு பேர் அங்கத்தவரானார்கள்.

இதை வாசிக்கும் சிலர், "எங்கள் ஊர் நூலகத்தில் புத்தகமே குறைவு" என்று சொல்லக்கூடும். யாழ்ப்பாணப் பொது நூலகம் எப்படித் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகங்களை இரவல் கொடுத்தார். அடுத்த ஆண்டு 844 நூல்களுடன் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. 1959இல் பெரிய கட்டடம் எழுந்தது. 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அதையும் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். அந்த நூலகத்துக்கு ஆலோசனை வழங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நாற்பது வயதில் எழுத்துக்கூட்டும் பெண்ணும் அந்த வாசகருள் அடங்குவார்.

சகோதரிகளே, நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பத்திரிகையும் உசாத்துணை நூல்களும் அங்கேயே இருந்து வாசிக்கப் பெரும்பாலும் அங்கத்துவம் தேவைப்படாது, கேட்டுப் பாருங்கள். தனியே போகக் கூச்சமென்றால் மூன்று பேராகப் போங்கள். உங்களுக்கு வசதியான ஒரு நேரத்தையும் ஒரு மூலையையும் நூலகரிடம் கேளுங்கள். நூலகம் தூரமென்றால் சனசமூக நிலைய வாசிகசாலையில் தொடங்கலாம். உங்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள், கண்ணாடி கொண்டுவராதவரிடம் காரணம் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள், அது போதும்.

அந்த அக்கா கடந்த மாதம் பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்தார். கணவரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு வந்த பதில். "இதை அஞ்சாறு பேர் எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டினம் மிஸ். ஒருக்கா நானே வாசிக்கவேணும்" என்றார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனார். கணவரின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. உதவி செய்ய நான் வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த மரக்கறி அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் விரல் மறுபடி நகர்ந்தது.

அன்று அரைப் பக்கம் வாசித்தார். மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் என்று மடித்து வைத்துக்கொண்டார்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.