உறியில் தொங்குவதெல்லாம் மணி பிளாண்ட் இல்லை

முன்பெல்லாம் உறியில் தயிர்ச்சட்டி தொங்கும். இப்போது தஞ்சாவூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் அதிலிருந்து வழியும் ஒரு பச்சைக் கொடியும்தான். என்ன செடி என்று கேட்டுப் பாருங்கள். "மணி பிளாண்ட் சார்" என்பார்கள். தப்பினால் "ஏதோ வெத்தலை மாதிரி ஒண்ணு". விற்றவரைக் கேட்டாலும் இதே பதில்தான். காசு கொடுத்து வாங்கி, தினம் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற ஜீவனுக்குப் பெயர் தெரியவில்லை என்றால் வெட்கமாக இல்லையா?

பேர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, அழகாக இருந்தால் போதாதா என்பார்கள். போதாது. வெற்றிலை மாதிரி இலையோடு தொங்குகிற கொடிகளில் மூன்றை நம் ஜனங்கள் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறார்கள்: மணி பிளாண்ட், பிலோடெண்ட்ரான், பெப்பரோமியா. முதல் இரண்டும் சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. குழந்தை கடித்தால் வாய் எரியும், உதடு வீங்கும், எச்சில் ஒழுகும். நாய் பூனைக்கும் அதே கதிதான். பெப்பரோமியாவோ மிளகு, வெற்றிலை வகையறா. அதில் இந்த ஊசிகளின் தொல்லை இல்லை. பேரன் வாயில் இலையோடு நிற்கும்போது டாக்டர் "என்ன செடி?" என்றுதான் கேட்பார். மூன்றுக்கும் ஒரே பெயரைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கும்பகோணம் வெற்றிலை போட்டுப் பழகிய சீமையில் "வெத்தலை மாதிரி" என்ற பேச்சே ஆபத்து. ஆபீசில் தலைப்பு மாற்றிப் போட்ட ஃபைல், இருந்தும் இல்லாத ஃபைல்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மணி பிளாண்ட் பெரிய பெரிய படிப்பாளிகளையே சுற்றவிட்ட கொடி. 1880-இல் லிண்டென், ஆந்த்ரே இருவரும் 'இலுஸ்த்ராசியோன் ஓர்த்திகோல்' என்ற பிரெஞ்சுமொழிப் பத்திரிகையில் அதைப் போதோஸ் என்று எழுதினார்கள். (நான் படித்த பிரெஞ்சு இந்தப் பெயரை உச்சரிக்கவாவது உதவுகிறது.) பிறகு சிந்தாப்சஸ் ஆயிற்று, ராபிடோபோரா ஆயிற்று, 1964-இல் எபிப்ரெம்னம் ஆரியம் ஆயிற்று. நாலு செக்‌ஷன் மாற்றப்பட்ட குமாஸ்தா மாதிரி. காரணம், அது பூப்பதே அபூர்வம். பூவைப் பார்க்காமல் இனத்தை நிச்சயிப்பது கஷ்டம். பூக்கத் தேவையான ஜிப்பரெலின் அதன் உடம்பில் சரியாக உண்டாவதில்லை என்று 2016-இல்தான் கண்டுபிடித்தார்கள். சொந்த ஊர் தஹிதிக்குப் பக்கத்தில் மோரியா தீவு. அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் வசம்.

ஆனால் அந்தப் படிப்பாளிகள் "ஏதோ ஒண்ணு" என்று விட்டுவிடவில்லை. நம் தரங்கம்பாடிக்கு 1768-இல் வந்த கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். இந்தக் கரையில் அலைந்து செடிகளைப் பறித்து, உலர்த்தி, பெயர் நிச்சயிக்கப் பாடுபட்டார். அவர் காலில் மிதிபட்ட மண்ணில் இருந்துகொண்டு நாம் சொல்வது, மணி பிளாண்ட் சார்!

செல்போனில் படம் எடுத்தால் பெயர் வந்துவிடும் என்கிறார்கள் பிள்ளைகள். வரும். காலையில் ஒரு பெயர், சாயங்கால வெளிச்சத்தில் வேறு பெயர். படத்தில் தெரிவது இலையின் முகம் மட்டும். பார்க்க வேண்டியது கணுவை. இலைக்காம்பின் மேல்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்து, புதுத்தளிர் பழைய காம்பை ஒட்டிச் சுருண்டு வந்தால் மணி பிளாண்ட். தளிர் தனியாக ஒரு மெல்லிய உறைக்குள் வந்து, பிறகு அந்த உறை காய்ந்து உதிர்ந்தால் பிலோடெண்ட்ரான். இலை சதைப்பற்றாக இருந்து, எலிவால் போல மெல்லிய பூங்கதிர் நீட்டினால் பெப்பரோமியா. மஞ்சள் தீற்றலை மட்டும் நம்பாதீர்கள், மூன்றிலும் அப்படி வகைகள் உண்டு.

இதில் இன்னொரு கூத்து, மணி பிளாண்டைத் திருடி வந்து நட்டால்தான் பணம் கொழிக்கும் என்ற நம்பிக்கை. திருடி வந்த கொடிக்கு யாரிடம் போய்ப் பெயர் கேட்பது?

துணிக்கடையில் ஒரு ஜாக்கெட் பிட்டுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறார்கள். நர்சரிக்காரர் தொட்டியில் ஒரு சீட்டு செருகி, சரியான பெயரையும் 'வாயில் வைக்கக்கூடாது' என்ற ஒரு வரியையும் எழுதினால் என்ன கெட்டுப்போகும்? அடுத்த முறை வாங்கப் போகும்போது சீட்டு கேளுங்கள். இல்லை என்றால் தொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.