விடுபட்டது ஒரு வரி, கெட்டன முப்பதாண்டுகள்!

சவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் அணித்தே உள்ள சோலையார்பேட்டையைச் சேர்ந்த பத்தொன்பது அகவை இளைஞன் ஒருவனைச் சென்னைப் பெரியார் திடலில் 1991 சூன் 11ஆம் பக்கல் நடுவண் புலனாய்வினர் அழைத்துச் சென்றனர். உசாவிவிட்டு மறுநாளே அனுப்பிவிடுவதாக அவர்கள் சொன்னதாய் அவன் தாயார் அற்புதம் அம்மையார் மேடைதோறும் கூறியுள்ளார். அந்த மறுநாள் விடிய முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்விளைஞனே பேரறிவாளன்.

திருப்பெரும்புதூரில் 1991 மே 21 இரவில் இராசீவ் காந்தியும், அவரைச் சூழ நின்ற காவலரும் பொதுமக்களுமாகப் பலரும் மாண்ட கொடுமையை நாம் எள்ளளவும் குறைத்துரைக்க வரவில்லை. கொலை கொலையே, கொன்றாரைக் கண்டு ஒறுத்தல் அரசின் கடன். நாம் கேட்பது வேறு. பேரறிவாளன்மேல் சாற்றப்பெற்ற முதன்மைக் குற்றம், ஒன்பது வோல்ட்டு மின்கலம் இரண்டு வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார் என்பது. எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும் பொருள் அது! வாங்கிக் கொடுத்தவன் உள்ளத்தில் இருந்தது யாது என்பதன்றோ வழக்கின் உயிர்? அதற்குத் தலைமைச் சான்றாய் நின்றது, காவல் கண்காணிப்பாளர் தியாகராசன் எழுதிக்கொண்ட ஒப்புதலுரையே.

அவ் அதிகாரியே 2013 நவம்பரில் வாய் திறந்தார். மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாதெனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாது விட்டதாகச் சொன்னார். 2017இல் உச்ச அறமன்றத்திலும் அதனையே உறுதியுரையாக அளித்தார். எழுதினால் அது ஒப்புதலாகவே இராது என்பது அவர் காட்டிய கரணியம். எத்துணை வெளிப்படையான சொல்! மேலும், தங்கள் நோக்கம் மூவரைத் தவிர எவர்க்கும் தெரியாதெனச் சிவராசன் 1991 மே 7இல் வானொலிவழிச் சொன்ன செய்தியையும் அவ் அதிகாரி எடுத்துக் காட்டினார்.

வெள்ளையன் 1872இல் இயற்றிய சான்றுச் சட்டமே, காவலரிடம் சொன்ன ஒப்புதல் சான்றாகாதென்று விலக்கி வைத்தது. அடியும் அச்சமும் என்ன சொல்லவைக்கும் என்பதை அவன் அறிந்திருந்தான். அந்த வேலியைப் பிடுங்கியெறிந்தது விடுதலை பெற்ற இந்தியாவின் தடாச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு கண்காணிப்பாளர் எழுதுகோலுக்குச் சான்றுத் தகுதி தந்தது. உயர் அறமன்றத்திற்கு மேல்முறையீடு செய்யும் வழியையும் அச்சட்டம் அடைத்தது. பூந்தமல்லித் தனிமன்றம் 1998 சனவரி 28இல் இருபத்தறுவர்க்கும் சாவொறுப்பு விதித்தது. உச்ச அறமன்றமோ 1999 மே 11இல் பத்தொன்பதின்மரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. தடாக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் உரைத்தது. ஆயினும் தடாவின்கீழ் எழுதிய ஒப்புதலுரை மட்டும் செல்லுமாம். மரம் பட்டது, கனி இனிக்கும் என்பது போன்ற முறை இது.

2014இல் சாவொறுப்பு வாழ்நாட் சிறையாயிற்று. 2022 மே 18இல் விடுதலையும் வந்தது. தமிழர் மகிழ்ந்தோம், மகிழ்ச்சியில் ஒன்றை மறந்தோம். அத்தீர்ப்பு, ஆளுநர் தாழ்த்திய தாழ்ப்பைக் கண்டித்து 142ஆம் பிரிவின்படி வந்ததேயன்றி, குற்றமற்றவர் என்று கூறி வந்ததன்று. 1999 தீர்ப்பை மீளப்பெற வேண்டிய விண்ணப்பத்தை உச்ச அறமன்றம் 2018 மார்ச்சிலேயே தள்ளிவிட்டது. எழுதியவரே பிழையென்ற ஓர் உரையைச் சான்றாளிக் கூண்டிலேற்றி எந்த மன்றமும் உசாவவில்லை. கதவு திறந்தது, கேள்வி உள்ளேயே கிடக்கிறது.

தடா 1995இல் காலாவதியாயிற்றே, இனி என்ன என்பார் உளர். மராட்டியத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18ஆம் பிரிவாக அதே ஓட்டை இருக்கிறது. மும்பைத் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பு வழக்கில் அவ்வழி பெற்ற ஒப்புதலுரைகளை நம்பத்தகாதவை எனத் தள்ளி, 2025 சூலையில் பன்னிருவரை மும்பை உயர் அறமன்றம் விடுவித்தது. அவருள் ஐவர் சாவொறுப்புப் பெற்றோர்! அத்தீர்ப்பைப் பிற வழக்குகட்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாகாதென உச்ச அறமன்றம் உடனே தடுத்ததும் நோக்கத்தக்கது.

எழுத்தறிந்த பேரறிவாளனுக்கே இந்நிலையெனில், செம்மரம் வெட்டும் கூலிக்காக ஆந்திரம் செல்லும் நம் மலைமக்கள் நிலை என்னாகும்? சேசாசலக் காட்டில் 2013 திசம்பரில் காட்டுத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஈராண்டுக்கு மேல் சிறையிற் கிடந்து, 2016இல் திருப்பதி மன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அவர்க்கெதிராக எழுதப்பெற்ற தெலுங்குத் தாள்களை அவருள் எத்துணைப் பேர் படித்திருக்கக் கூடும்?

சொன்னவன் மொழியிலேயே, சொன்னவாறே எழுதுக என்று தடா வழக்கொன்றில் உச்ச அறமன்றம் 1994இல் நெறி வகுத்தது. பேரறிவாளனுக்கு அது மூன்றாண்டு பிந்தி வந்தது. அந்நெறியை எல்லாக் காவல் நிலையங்கட்கும் கட்டாயச் சட்டமாக்குக. எழுதுங்கால் வழக்குரைஞர் உடனிருக்க விடுக. சொல்வதை ஒலியும் ஒளியுமாகப் பதிந்து மன்றத்தில் வைக்குக. தமிழகச் சட்டமன்றத்தில் இதனை முதற்கண் எழுப்ப வேண்டியவர் சவ்வாது மலையைச் சூழ்ந்த தொகுதிகளின் உறுப்பினர்களே.