கூட்டுக் குடும்பமும் வருமான வரியும்: கிழக்கிற்குப் பொருந்துவது எது?

இலங்கையில் தனிநபர் வருமான வரிக்கான நிவாரண எல்லை 2025 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்திற்கு 6 சதவீதமும், அதன் பின்னர் படிப்படியாக 36 சதவீதம் வரையிலும் வரி விதிக்கப்படுகின்றது. இதற்கு முன்னரே, 2024 இல், 18 வயதைக் கடந்தோர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடும் நடைமுறைக்கு வந்துவிட்டது. வரி என்பது கொழும்பு வர்த்தகர்களின் தலைவலி என்றிருந்த காலம் போய்விட்டது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஆசிரியர்களும், கடை உரிமையாளர்களும், போடிமாரும் அதைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

இந்நிலையில் நம்மவர் சிலர் எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. இந்தியாவில் இந்துக் கூட்டுக் குடும்பத்திற்குத் தனியான வரிச் சலுகை இருக்கும்போது, குடும்பமாகவே வாழும் நமக்கு ஏன் அது இல்லை என்பதே அது. கேள்வி நியாயமானது போலத் தோன்றினும், அதன் உட்பொருளை ஆராய்ந்தால் வேறொரு முடிவுக்கே வரவேண்டியிருக்கின்றது.

இந்திய வருமான வரிச் சட்டங்கள் பிரித்தானியர் காலம் தொட்டே கூட்டுக் குடும்பத்தைத் தனியொரு 'நபராக'க் கருதி வந்துள்ளன. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு 2025 இல் நிறைவேற்றப்பட்ட புதிய சட்டத்திலும் தொடர்கின்றது. இதன்படி, தந்தை தன் சம்பளத்திற்கு ஒரு விலக்கு எல்லையைப் பெறுகின்றார். அவரே குடும்பத் தலைவராக நிர்வகிக்கும் பூர்வீகச் சொத்தின் வருமானத்திற்கு இன்னொரு விலக்கு எல்லை கிடைக்கின்றது. பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரும் இச்சலுகையைப் பெறலாம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பெற முடியாது.

இந்த ஏற்பாட்டின் குறை எங்கே வெளிப்பட்டது என்பதைக் கிழக்கிலங்கை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. வட மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் பலர், நம்மைப் போலவே தாய்வழி மரபினர். 'தரவாடு' எனப்படும் அவர்களது கூட்டுக் குடும்பச் சொத்துக்குச் செல்வ வரி விதிப்பது எப்படி என்ற வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தரவாடு பிரிக்கப்படாத குடும்பம்தான். ஆனால் இந்துக் குடும்பம் அல்ல. ஆகவே அதனைத் 'தனிநபர்' என்ற சொல்லுக்குள் அடக்கி வரி விதிக்கலாம் என 1981 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலர் சேர்ந்து வாழும் குடும்பம் சட்டத்தின் கண்ணில் ஒரு தனிநபராகியது! கேரள மாநிலமோ 1975 இல் சட்டமியற்றி இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. இந்தியச் சட்ட ஆணைக்குழுவும் 2018 இல் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையில் இச்சலுகையைக் கைவிடலாம் என்றே கருத்துரைத்தது.

இலங்கைக்கும் இது முற்றிலும் புதியதல்ல. 1938 ஆம் ஆண்டின் மரணச் சொத்து வரிக் கட்டளைச் சட்டம், பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்கு வரிவிலக்கு அளித்திருந்தது. அதனைப் பற்றி நின்ற அருணாசலம் செட்டியார் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1957 இல் தீர்க்கப்பட்டது. ஆண் வாரிசு ஒருவரே எஞ்சியிருந்தாலும், மகவை ஏற்றெடுக்கும் உரிமையுள்ள விதவைகள் இருக்கும்வரை குடும்பம் பிரிக்கப்படாததாகவே தொடரும் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதனால் பயன்பெற்றோர் இந்தியாவின் மிதாட்சர முறைக்கு உட்பட்ட நாட்டுக்கோட்டைச் செட்டிமார். மட்டக்களப்புத் தமிழருக்கு அதில் இடமிருக்கவில்லை. அந்த வரியே இன்று இல்லை.

ஏன் இடமிருக்கவில்லை? நமது குடும்பத்தின் கட்டமைப்பே வேறு. மிதாட்சரக் குடும்பம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. அங்கே மகள்மார் பிறப்பால் பங்காளிகளாவதற்கு தமிழ்நாட்டில் 1989 வரையும், இந்தியா முழுவதிலும் 2005 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கோ குடி தாய்வழி வருவது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிமுறை பேசப்படுவது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்வது. இவ்விடயத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெரும் வேறுபாடு கிடையாது. பழைய முக்குவர் சட்டம் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. அச்சட்டத்தின் கீழ் கணவன் சொத்தும் மனைவி சொத்தும் வேறுவேறு. முஸ்லிம்களின் வாரிசுரிமையை 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் நெறிப்படுத்துகின்றது. இஸ்லாமியச் சட்டத்திலும் ஒருவர் மரணித்த கணமே ஒவ்வொரு வாரிசுக்கும் அவரவர் பங்கு உரித்தாகின்றது. ஆக, இரு சமூகங்களிலும் சொத்து என்பது ஆளுக்கு ஆள் உரித்தானதேயன்றி, தலைவர் ஒருவரிடம் குவிந்திருக்கும் கூட்டுச் சொத்து அல்ல.

இந்த மரபுக்கு இன்றைய இலங்கைச் சட்டம் பகையானதன்று. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, கூட்டாக உடைமை கொண்ட சொத்தின் வருமானம் அவரவர் பங்கின் விகிதத்தில் பிரித்தே கணிக்கப்படும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நான்கு சகோதரர்களுக்கு உரித்தான கடைக் கட்டடம் ஒன்றுக்கு மாத வாடகை 80,000 ரூபா. ஆண்டுக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். பராமரிப்புக்கென அனுமதிக்கப்படும் 25 சதவீதத்தைக் கழித்தால் எஞ்சுவது 7 இலட்சத்து 20 ஆயிரம். ஏற்கனவே 18 இலட்சம் சம்பளம் பெறும் மூத்த சகோதரர் ஒருவரின் பெயரில் இது முழுவதும் காட்டப்படுமாயின் அவர் செலுத்த வேண்டிய மேலதிக வரி 43,200 ரூபா. நால்வரின் பெயரிலும் உறுதி இருந்து, மற்றைய மூவருக்கும் வேறு வருமானம் இல்லையெனில், செலுத்த வேண்டியது மூத்தவரின் பங்குக்குரிய 10,800 ரூபா மட்டுமே. மதத்தின் பெயரிலான சலுகை எதுவுமின்றி, தமிழ்க் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் ஒரேயளவில் பெறக்கூடிய நிவாரணம் இது.

ஆனால், எத்தனை குடும்பங்களில் அந்த உறுதி இருக்கின்றது? எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த நம்மவரில் பெரும்பாலானோர் வாய்ச்சொல்லை நம்பியே பங்கு பிரித்தனர். வாய்ச்சொல்லால் காணி கைமாறாது. நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டின் சட்டம். எஞ்சியிருந்த உறுதிகளிலும் பல, யுத்த கால இடப்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் அழிந்தன. இரு சமூகங்களும் இவ்விழப்பைச் சந்தித்துள்ளன. அரச காணி அனுமதிப்பத்திரங்களிலோ, வாரிசு பெயரிடப்படாவிடத்து ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்ற விதி 2022 வரை நீடித்தது. தாய்வழி மரபு கொண்ட பிரதேசத்தில் இது எத்தகைய முரண்பாடு!

இங்கேதான் வரி விடயம் குடும்ப விடயமாகின்றது. சகோதரிகளின் பங்கையும் சேர்த்து ஒருவரே ஆண்டுதோறும் தனது வருமானமாகக் காட்டி வந்தால், நாளை தகராறு ஏற்படும்போது அந்த ஆவணமே சகோதரிகளுக்கு எதிரான சாட்சியாக நிற்கக்கூடும். இன்று வரி விண்ணப்பத்தில் விடுபடும் பெயர், பத்து ஆண்டுகளின் பின் காணியிலிருந்தும் விடுபட்டுப் போகலாம். மறுபுறத்தில், உண்மையான பங்கு இல்லாதவர்களின் பெயரை வரியைக் குறைப்பதற்காக மட்டும் சேர்ப்பது ஏய்ப்பாகும். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.

எனவே இந்தியச் சலுகையை இங்கு இறக்குமதி செய்யுமாறு கோருவது பயனற்றது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஒரு பிரதேசத்தில், மதத்தை அளவுகோலாகக் கொண்ட வரிச் சலுகை புதியதொரு மனக்கசப்பையே விதைக்கும். கோர வேண்டியவை வேறு. இறைவரித் திணைக்களம் கூட்டுரிமைச் சொத்து பற்றிய விளக்கங்களைத் தமிழில் எளிமையாக வெளியிட வேண்டும். பிரதேச செயலகங்களும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இணைந்து கிராமங்களில் உறுதி, வாரிசுரிமை தொடர்பான நடமாடும் சேவைகளை நடத்த வேண்டும். கோயில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் அவற்றுக்குக் களம் அமைத்துக் கொடுக்கலாம்.

மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் நாம். அந்த வீட்டின் உறுதியிலும், அதன் வருமானக் கணக்கிலும் அவளது பெயர் இருக்கின்றதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டே பார்த்துக்கொள்வது காலத்தின் தேவையாகும்.