அரும்பு, மொட்டு, இருபது மார்க்

நான் பி.காம். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு சுமுகமாக ரத்தாகிவிட்டது. ஜீவனாம்சம்கூட இரண்டு தரப்பும் கேட்கவில்லை. அதற்கப்புறம் வீட்டில் ஃப்யூஸ் போனால் மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு என் இயற்பியல் முடிந்துவிடும்.

இது தெரியாமல், போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா பையனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. விடியுமுன்னே கிளம்பினால், வெயில் ஏறி உப்பு கண்ணைக் கூசவைக்கும்வரை பாத்தியில் நின்றுவிட்டு வருகிறவர்.

"தம்பி, நீங்க பத்திரிகைல எல்லாம் எழுதுதியளே, இவனுக்குக் கொஞ்சம் சயின்ஸ் சொல்லிக் குடுக்கப்பிடாதா? பத்தாப்பு."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது தூத்துக்குடியில் இன்னும் மிச்சமிருக்கும் மூடநம்பிக்கைகளில் ஒன்று. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

"வா தம்பி, உட்காரு. புஸ்தகத்தை எடு" என்றேன், வாத்தியார் குரலில்.

பையன் புத்தகத்தை எடுக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த ஒரு மெல்லிசு நோட்டை எடுத்தான். அதற்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தான். பாடப் புத்தகத்துக்கே அட்டை போடாத காலத்தில் ஜெராக்ஸுக்கு அட்டையா என்று ஆச்சரியப்பட்டு லேசாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பெரிய எழுத்தில்: 'மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான சிறப்புக் கையேடு.'

பையன் தரையைப் பார்த்தான். நான் அட்டையைப் பழையபடி மூடிவிட்டேன். அது எதற்காகப் போட்ட அட்டை என்று எனக்கும் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவனுக்கும் புரிந்துவிட்டது.

கையேட்டைப் புரட்டினேன். கணக்குப்பிள்ளை புத்தி உடனே விழித்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மார்க், செய்முறைக்கு 25. தேற வேண்டுமானால் எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தம் 35. இப்போது கேள்வித்தாளைப் பாருங்கள். ஒரு மார்க் கேள்வி 12. இரண்டு மார்க் ஏழு, நாலு மார்க் ஏழு, ஏழு மார்க் மூன்று. 12 ஒரு மார்க்கையும் சரியாகப் போட்டு, இரண்டு மார்க்கில் நாலு எழுதினால் போதும். 12-ம் 8-ம் 20. ஐந்தொகை டாலி!

2019-ல் வந்த புத்தகத்தில் 23 பாடங்கள். கையேட்டில் அதில் பாதிகூட இல்லை. சின்னச் சின்ன வரையறைகள், நாலு படங்கள், புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகள். கணக்கு என்று ஒரு வரி கிடையாது. குறைந்த முதலீடு, நிச்சய வருமானம். தயாரித்தவர் என் இனம் என்று தோன்றியது.

"சரி, தெவிட்டிய கரைசல்னா என்ன?"

பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், எந்த ஒரு கரைசலில் மேலும் கரைபொருளைக் கரைக்க இயலாதோ, அது தெவிட்டிய கரைசல் எனப்படும்."

"சபாஷ். அப்படின்னா?"

"அப்படின்னான்னா?"

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அது கையேட்டுல இல்ல மாமா."

வாசல்படியில் உட்கார்ந்திருந்த அக்கா அங்கிருந்தே கேட்டார். "என்னது, இதுக்கு மேல உப்பத் தாங்காத தண்ணியா? அதத்தானல நாங்க தெனமும் பாக்கோம். டிகிரி பாத்துத்தான் பாத்திக்கு விடுவாக. இருபத்தஞ்சு வந்தா உப்பு விழும். முப்பத நெருங்குனா தண்ணிய வடிச்சிருவாக. இல்லாட்டி உப்பு கசந்து போவும்."

பையன் சட்டென்று நிமிர்ந்தான். "மாமா! புஸ்தகத்துலயும் 25 டிகிரின்னுதான் போட்டிருக்கு! 25 டிகிரியில 100 கிராம் தண்ணியில 36 கிராம் உப்பு கரையும்னு!"

எனக்கும் புல்லரித்துவிட்டது. அம்மா சொல்லும் 25, அரசாங்கப் புத்தகத்தில் 25. இரண்டும் ஒன்று என்று தீர்ப்பு எழுதிவிட இருந்தேன். ஏதோ புண்ணியம், அக்கா குறுக்கே விழுந்தார்.

"வெயில் இருபத்தஞ்சா? நீ வந்து நின்னு பாருல சித்திரையில!"

அதுதானே! தூத்துக்குடி வெயிலாவது, 25 டிகிரியாவது! ஊட்டியைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அப்போது அது வேறு டிகிரி, இது வேறு டிகிரி. ஆளுக்கொரு பக்கம் விழித்தோம். "நாளைக்குச் சொல்றேன்" என்று வாத்தியார்களின் புராதனமான ஆயுதத்தை எடுத்து அன்றைக்குத் தப்பித்தேன்.

மறுநாள் காலை என் பள்ளிக்கூடத்து சிநேகிதரிடம் ஓடினேன். பதினோராம் வகுப்பில் நான் காமர்ஸ் பக்கம் திரும்பியபோது அவர் சயின்ஸ் பக்கம் திரும்பினார். இன்றைக்கு நான் பக்கம் நிரப்புகிறேன். அவர் ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர்.

"புத்தகத்துல இருக்கிறது சூடு. அளத்துல பாக்கிறது அடர்த்தி" என்றார். பிரான்ஸில் அந்துவான் போமே என்று ஒரு மருந்துக்கடைக்காரர். 1768-ல், திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்க ஓர் அளவு ஏற்படுத்தினார். உப்பளத்தில் இன்றைக்கும் அதுதான். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற ஏறும். 25-ஐ ஒட்டிச் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும். 30 நெருங்கினால் மெக்னீசிய உப்புகள் சேர ஆரம்பித்துவிடும். அக்கா சொன்ன கசப்பு அதுதான்.

"உன் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாலு மார்க் கேள்விக்கு வேண்டிய விஷயம் வீட்டிலேயே இருக்கு. கையேடு அவனை ரெண்டு மார்க்கோடு நிறுத்திவச்சிருக்கு" என்றவர், மேஜையிலிருந்து மூன்று தாள்களை எடுத்துப் போட்டார்.

மூன்றுமே 'கரைசல்கள்' பாடம். மூன்றிலும் உப்புதான். முதல் தாளில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர்ப் படம். கரைபொருள் எது, கரைப்பான் எது என்று அம்புக்குறி போட வேண்டும். இரண்டாவதில் உப்பளப் பாத்தி. தெவிட்டாத கரைசல் எப்போது தெவிட்டிய கரைசல் ஆகிறது, ஏன் என்று இரண்டு மூன்று வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும். மூன்றாவதில் கணக்கு. தாளில் 'சுமார்', 'சிறப்பு' என்று எந்தப் பட்டமும் இல்லை; ஒரு மூலையில் 1, 2, 3 என்று மட்டும் பொடியாக இருந்தது.

"ஓ, பையன்களை மூணாப் பிரிக்கிறதா?"

"பையன்களைப் பிரிக்கலைய்யா, கேள்வியைத்தான் பிரிச்சிருக்கு. கடைசிக் கேள்வியைப் பாரு."

பார்த்தேன். முதல் தாளின் கடைசிக் கேள்வியும் இரண்டாம் தாளின் முதல் கேள்வியும் ஒன்றே. அதே மாதிரி இரண்டுக்கும் மூன்றுக்கும். அதாவது, ஒரு தாளை முடித்தவன் அவனுக்கே தெரியாமல் அடுத்த தாளில் கால் வைத்திருப்பான். எந்தத் தாளில் ஆரம்பிப்பது என்பது பையன் இஷ்டம். ஆனால் எந்தத் தாளிலும் குடியிருக்கக் கூடாது.

இது ஒன்றும் தன் கண்டுபிடிப்பு இல்லை என்றார். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்கூடத்தில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறுகிற 'ஏணி' அட்டைகள் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பமாகி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. 2025-ல் ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' என்று ஒரு திட்டமும் வந்திருக்கிறது.

"பேரைப் பாத்தியா? அரும்பு! அரும்புன்னா நாளைக்கு மொட்டாகும்னு அர்த்தம். அதே பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பேர் மாறிடுது. 'மெல்லக் கற்போர்'. அது எப்ப மாறும்? ரிசல்ட் வர்ற வரைக்கும் மாறாது."

கையேட்டை ஒரேயடியாகத் திட்டவும் அவர் தயாராக இல்லை. மார்ச் மாசம், பரீட்சைக்குப் பத்து நாள் இருக்க, ஒன்றுமே தெரியாமல் நிற்கிற பையனுக்கு 20 மார்க் என்பது முங்கப் போகிறவன் கையில் சிக்கிய கயிறு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. நாற்பத்தைந்து பேர் வகுப்பில் மூன்று விதத் தாள் அடித்து, மூன்று விதமாகத் திருத்தி, தேர்ச்சி சதவீதத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியர் பாடும் அவருக்குத் தெரியும். அந்த மூன்று தாளின் ஜெராக்ஸ் செலவே அவர் கைக்காசுதான்.

"ஆனா ஆகஸ்டு மாசமே கயிறைக் கையில கொடுத்து, 'நீ நீச்சல் கத்துக்க வேண்டாம், இதைப் பிடிச்சுக்க'ன்னா எப்படி? இன்னும் ஏழு மாசம் கிடக்கே!"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்னுடைய 20 மார்க் ஐந்தொகையில் ஒரு பக்கம் எழுதாமல் விட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. 35 வாங்கினால் பாஸ், சரி. பதினோராம் வகுப்பில் சயின்ஸ் குரூப் கேட்கும்போது அந்த 35 என்ன பேசும்? பாலிடெக்னிக்கில் பார்ப்பதும் கணக்கு, அறிவியல் மார்க்கைத்தான். துறைமுகம் இருக்கும் ஊரில் பிறந்து, கிரேனையும் கப்பலையும் வேடிக்கை பார்த்து வளர்ந்த பையன், வேடிக்கை பார்ப்பதோடு நிற்க வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பரீட்சையில் இரண்டு கேள்வித்தாள், எளிதாக ஒன்று, கடினமாக ஒன்று. தரம் 9 முதல் 1 வரை, 9தான் உச்சம். எளிய தாளை எடுத்தவன் அத்தனை கேள்விக்கும் சரியாக எழுதினாலும் 5-க்கு மேல் கிடையாது. நம்மூரில் நல்லவேளை, துரை மகனுக்கும் உப்பளத் தொழிலாளி மகனுக்கும் ஒரே கேள்வித்தாள். அந்தத் தாளில் 75 மார்க்கும் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. ஒரு மார்க்கில் ஆரம்பித்து ஏழு மார்க் வரை அதுவும் ஓர் ஏணிதான். முதல் படியிலேயே நிற்கச் சொல்லிக் கொடுக்கிறது நாம்தான்.

எங்கள் ஊரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (1961-ல் நடந்ததுதான் கடைசி), முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்களாம். முதல் சல்லடையில் 20 ஓட்டை. அடுத்தடுத்து ஓட்டை சிறுத்து, பத்தாவதில் 1000. எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுதான் அந்த முத்தின் ஜாதகம். முத்துக்கு அது நியாயம். சிப்பியை விட்டு வந்தபின் முத்து வளராது. பதினைந்து வயசுப் பையன் வளருவானே!

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று தாள்களோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டு டிகிரிக்கும் உள்ள வித்தியாசத்தை ஏதோ நானே போமேயோடு உட்கார்ந்து கண்டுபிடித்த மாதிரி விளக்கினேன். பையன் முதல் தாளைப் பத்து நிமிஷத்தில் முடித்தான். இரண்டாவது தாளுக்கு, "அம்மா, தண்ணி மாத்தும்போது என்ன செய்வீங்க?" என்று வாசல்படியைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு எழுதினான். வாக்கியத்தில் பிழை இருந்தது, விஷயத்தில் இல்லை. அக்காவுக்கு வாயெல்லாம் பல். தான் பள்ளிக்கூடப் பாடத்துக்கு உதவுவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

மூன்றாம் தாள் கணக்கை இருவரும் போட்டிக்குப் போட்டோம். ஒரு கிலோ கடல் தண்ணீரில் 965 கிராம் தண்ணீர், 27 கிராம் சோடியம் குளோரைடு, மிச்சம் மற்ற உப்புகள் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் தண்ணீர் 36 கிராமைத் தாங்கும் என்றால், உப்பு படிய ஆரம்பிக்குமுன் எவ்வளவு தண்ணீர் ஆவியாக வேண்டும்?

கணக்கு என்றால் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. 27-ஐ 36-ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, "75 கிராம்!" என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

பையன் தன் தாளையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, 75 மிச்சம் இருக்கிற தண்ணி. கேட்டது போன தண்ணி. 965-ல 75 போனா 890. பத்துல ஒம்பது பங்குக்கு மேல காயணும். அம்மா அதுக்குத்தானே அத்தனை நாள் காயவிடுறாக?"

பி.காம். படித்தவன், எடுத்த தொகையைக் கேட்டால் கையிருப்பை எழுதிவைத்திருக்கிறேன்!

பையன் ரொம்ப மரியாதையாக என் முன்னாலிருந்த மூன்றாம் தாளை எடுத்துவிட்டு, முதல் தாளை வைத்தான்.

"இதுல இருந்து ஆரம்பிங்க மாமா. தப்பில்ல. கடைசிக் கேள்வி வந்தா அடுத்த தாளுக்குப் போயிரலாம்."