மெஷின் ஓடிவிட்டது... நிற்குமா?

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். கடலுக்குப் போன பலர் கரை திரும்பவே இல்லை. கரையிலோ ரப்பர், தென்னை, பலா என்று மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாள்களில் பாதையைத் திறக்கவும், கூரைமேல் விழுந்த மரத்தை இறக்கவும் கைகொடுத்தவை மரம் அறுக்கும் மெஷின்கள். ‘செயின் சா’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அப்படி உழைத்த மெஷின் ஏதாவது ஒன்று இன்று உங்கள் வீட்டுச் சாய்ப்பிலும் சாக்குக்குள் கிடக்கலாம்.

கடலோர ஊரான இனயத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சித்தப்பா, கருங்கல், குலசேகரம் பக்கமெல்லாம் ரப்பர் மரம் அறுக்கப் போய் வந்தவர். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மெஷின் ஓடி ஆறேழு வருடம் ஆகிறது. ‘‘அத ஒருக்கா ஓட வச்சுத் தா மக்ளே’’ என்று அண்ணன் மகனிடம் கேட்கிறார். அவனுக்கு வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கத் தெரியும். ‘‘அதுக்கென்ன சித்தப்பா, கொண்டு வாங்க’’ என்கிறான்.

அவனால் முடியுமா? முடியும். ஆனால், சில விஷயங்களில் அவன் கை பழகிய வேலையே அவனை ஏமாற்றும்.

கடல் எஞ்சின் வேறு, இது வேறு

வள்ளத்தில் மாட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சினும் மரம் அறுக்கும் மெஷினும் ஒரே குடும்பம்தான். இரண்டுமே டூ ஸ்ட்ரோக். இரண்டுக்கும் எரிபொருளோடு ஆயில் கலக்க வேண்டும். இரண்டையும் கயிறு இழுத்துத்தான் கிளப்ப வேண்டும்.

வித்தியாசம் கார்புரேட்டரில் இருக்கிறது. வள்ளத்து எஞ்சின் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். அதனால் அதன் கார்புரேட்டரில் மிதவை இருக்கும். மரம் அறுக்கிறவரோ மெஷினைச் சாய்ப்பார், பக்கவாட்டில் பிடிப்பார், சில நேரம் தலைகீழாகவும் திருப்புவார். மிதவை அங்கே வேலைக்கு ஆகாது. அதற்குப் பதிலாக ‘டயாபிரம்’ என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எஞ்சினின் அடிப்பகுதியில் உண்டாகும் காற்றழுத்த மாற்றம் ஒரு சவ்வைத் துடிக்க வைக்கும். அந்தத் துடிப்பே பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். இன்னொரு சவ்வு, எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகலாம் என்று அளந்து விடும்.

இந்தச் சவ்வு வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் விறைத்துப்போகும். விரலால் தொட்டால் தோல்போல வளையாமல் பிளாஸ்டிக் தாள்போல மொடமொடக்கும். மெஷின் கிளம்பாததற்குப் பல நேரம் இதுவே காரணம். அந்த மாடலுக்கான ரிப்பேர் கிட் வாங்கி, சவ்வையும் ஊசியையும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு எச்சரிக்கை. வள்ளத்து எஞ்சின்களில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை உண்டு. அந்தப் பழக்கத்தில் இதிலும் மண்ணெண்ணெயைக் கலக்கக் கூடாது. இது பெட்ரோலுக்கென்றே செய்த மெஷின்.

ஆறு வருடம் என்ன செய்யும்?

முதல் எதிரி, டேங்கில் விட்டுவைத்த பழைய பெட்ரோல். இன்று பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-ல் 20 சதவிகித எத்தனால் பெட்ரோல் விற்பனைக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய மெஷின்களின் ரப்பர் குழாய்களுக்கும் சவ்வுகளுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே டேங்கைக் காலி செய்து கழுவுங்கள். உள்ளே இருக்கும் குழாயையும் அதன் நுனியில் உள்ள ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது எதிரி, இனயத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், உப்புக்காற்று. பல மெஷின்களின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. எடை குறைவு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால், உப்பு பட்டால் அதில் வெள்ளைப் பொடி பூக்கும். விட்டுவைத்தால் குழி விழும். பொடியைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவைத்து, பெயின்ட் போன இடத்தில் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் இறுகிப் போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் அலுமினியம், மக்னீசியத்தில் உள்ள மரை பிய்ந்து வந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி பொறுத்திருப்பதே புத்திசாலித்தனம்.

தீப்பொறியையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் புதிதாக ஒன்று போடுங்கள். பழைய மாடல் என்றால் ஃப்ளைவீலுக்கு அடியில் ‘பாயின்ட்’ இருக்கும். காற்றில் உள்ள ஈரம் அதன் முனையில் படலம் கட்டியிருக்கும். சுத்தம் செய்தாலே தீப்பொறி திரும்பி வந்துவிடுவது உண்டு.

கயிறு இழுப்பதற்கு முன்னால்

இத்தனையும் செய்ததும் கை பரபரக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சந்தோஷம். மேலும் கீழுமாகக் கீறல்கள் ஆழமாக ஓடியிருந்தால், மெஷின் ஒருமுறை சூடேறி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் குறைந்திருக்கலாம், எங்கோ காற்று கசிந்து பெட்ரோல் பற்றாமல் போயிருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ஆயில் கலக்கும் கணக்கு மெஷினுக்கு மெஷின் மாறும். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்றால் அது 50-க்கு 1. 40 மில்லி என்றால் 25-க்கு 1. பழைய மெஷின்கள் பலவற்றுக்குக் கூடுதல் ஆயில் கேட்பார்கள். தயாரித்த கம்பெனி என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் கணக்கு. ‘கண்ணளவு’ இங்கே உதவாது.

செயினைத் தீட்டுவதற்கும் அளவு உண்டு. பல்லின் அளவுக்கு ஏற்ற உருண்டை அரம் வேண்டும். 4 மில்லி மீட்டர், 4.8 மில்லி மீட்டர் என்று அரங்கள் கிடைக்கும். எல்லாப் பல்லையும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். தீட்டியது சரியா என்பதை மரமே சொல்லிவிடும். செதில் செதிலாக விழுந்தால் செயின் கூர்மை. மாவு மாவாக விழுந்தால் மொட்டை. மொட்டைச் செயினோடு மல்லுக்கட்டி அழுத்தும்போதுதான் கை நழுவும்.

புழு கற்றுக்கொடுத்த பாடம்

இந்தச் செயினுக்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. மரம் அறுக்க வருவதற்கு முன்பே செயின் வாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரி இருவரும் எலும்பை அறுக்கக் கையால் இயக்கும் சிறு செயின் வாளைப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் ஆன்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் மரம் அறுக்கும் வாளையும், 1929-ல் பெட்ரோலில் ஓடுவதையும் கொண்டுவந்தார். அன்றைய மெஷினைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

அமெரிக்காவின் ஒரிகனில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோ காக்ஸ், ஒருநாள் மரத்தைக் குடையும் வண்டுப் புழு ஒன்றைக் கவனித்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து மரத்தைச் செதுக்கிக்கொண்டு போனது. அந்தத் தாடையைப் பார்த்து அவர் வடிவமைத்த செயின் 1947-ல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர் மெஷினில் இடம் வலமாக மாறி மாறி நிற்கும் பற்கள் அந்தப் புழுவின் வாரிசுகள்தான்!

மெஷின் லேசானது, வேகமானது, ஒருவரே தூக்கும்படி ஆனது. அதோடு ஆபத்தும் கைக்கு நெருக்கமாக வந்தது. பாரின் மூக்கு நுனியில், மேல் பாதி எதன்மீதாவது பட்டால் போதும். கண் இமைக்கும் நேரத்தில் மெஷின் துள்ளி, அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திரும்பும். இந்தத் துள்ளலால் வரும் காயத்தைக் குறைக்கத்தான் 1970-களின் தொடக்கத்தில் ‘செயின் பிரேக்’ வந்தது. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தத் தடுப்பு முன்னோக்கித் தள்ளப்பட்டால், செயின் நொடிக்கும் குறைவான நேரத்தில் நின்றுவிடும்.

நிற்கிறதா என்று பாருங்கள்

பழைய மெஷினைச் சரிசெய்கிற பலரும் தவறவிடும் இடம் இதுதான். ‘டர்ர்’ என்று சத்தம் வந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். செல்போனில் வீடியோ எடுப்பார்கள். ஆனால், ஒருவர் கையில் திருப்பிக் கொடுக்கப்போகும் மெஷினுக்கு ஓடுவது பாதித் தேர்வு. சொன்ன இடத்தில் நிற்பதுதான் மீதிப் பாதி.

எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கைத் தள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு செயினை இழுத்தால் அது நகரக் கூடாது. பிறகு மெஷினைத் தரையில் வைத்து, ஒரு கையால் முன்பிடியை அழுத்தி, வலது காலால் பின்பிடியை மிதித்துக்கொண்டு கிளப்புங்கள். ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிறு இழுக்கும் ஸ்டைல் வேண்டவே வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் நான்கு விஷயங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் நிற்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதே செயின் சுற்றினால் வேகம் கூடுதலாக இருக்கிறது, அல்லது கிளட்ச் பழுது. பிரேக்கைத் தள்ளியதும் சுற்றும் செயின் உடனே நிற்க வேண்டும். ஸ்விட்ச்சை அணைத்ததும் எஞ்சின் அடங்க வேண்டும். பார் நுனியை ஒரு அட்டைக்கு எதிரே தரையில் படாமல் பிடித்து வேகம் கொடுத்தால், அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் செயினுக்கு ஆயில் போகவில்லை.

கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர்களையும் அழுத்திப் பாருங்கள். அதிர்வைக் குறைப்பது அவைதான். வருடக்கணக்கில் அதிரும் மெஷினைப் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போவதும், குளிரில் வெளுத்துப்போவதும் உண்டு. காட்டுத் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் கண்டறிந்த பாதிப்பு இது. சித்தப்பாவின் விரல்களையும் கவனியுங்கள்.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது?

கஷ்டமான கேள்வி இனிமேல்தான். மெஷின் மிகப் பழைய மாடலாக இருந்து, அதில் செயின் பிரேக்கே இல்லாவிட்டால்? அல்லது இருந்தும் உடைந்து, பார்ட்ஸ் கிடைக்காவிட்டால்?

‘‘இத்தன வருசம் இது இல்லாமத்தானடே அறுத்தேன்’’ என்று அவர் சொல்வார். பொய்யில்லை. ஆனால், அன்று அவருக்கு முப்பது வயது. காலும் கண்ணும் அன்றைக்கு இருந்த மாதிரி இன்றைக்கு இல்லை. மெஷின் புதுசாகிவிட்டது, அதைப் பிடிக்கும் தோள் ஆகவில்லை.

‘‘உங்களால இனி முடியாது’’ என்று முகத்துக்கு நேரே சொன்னால் மனம் உடைந்துவிடும். அதற்கு வேறு வழி இருக்கிறது. பழைய மெஷினைத் துடைத்து, செயினைக் கழற்றிவிட்டு அவரிடம் கொடுங்கள். பாரும் செயினும் இல்லாமல், கிளட்ச் பக்கத்து மூடி மட்டும் தனியாக மாட்டப்படும் வகை என்றால் அதை இறுக மூடிவிட்டு, அவரே கயிறு இழுத்து அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும். மூடியிலேயே பிரேக் இருக்கும் வகை என்றால் கம்பெனி கையேடு சொல்வதைப் பாருங்கள். முற்றத்தில் விழுந்த தென்னையை அறுக்க பிரேக் உள்ள மெஷினை ஒரு இளையவர் பிடிக்கட்டும். மரம் எந்தப் பக்கம் சாயும், முதல் வெட்டு எங்கே விழ வேண்டும் என்று சித்தப்பா இரண்டு மர நீளத் தூரம் தள்ளி நின்று சொல்லிக்கொடுக்கட்டும். அந்த அறிவு எந்தக் கடையிலும் கிடைக்காத பார்ட்ஸ்.

பிரேக் நன்றாக இருந்து, அவர் உடம்பும் இடம் கொடுத்தால், அவரே அறுக்கலாம். ஆனால், லுங்கியோடும் செருப்போடும் அல்ல. ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பு, தடித்த பேன்ட் வேண்டும். தனியாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓட்டி அணைத்து, நல்ல துணியால் துடைத்து, கடல் காற்று படாத உள்ளறையில் வையுங்கள். அப்படி வைத்தால் அடுத்த புயலுக்கு அது மறுபடி ஓடும்.

அதைவிட முக்கியம், சொன்னதும் நிற்கும்.