ஹஜ்ரத் உட்கார்ந்தார்கள்



நமது அரபிப் பாடத் தொடர் எழுத்துகளையும் 'இது வீடு, அது பள்ளிவாசல்' வகை வாக்கியங்களையும் தாண்டி, இந்த இதழில் இறந்தகால வினைக்கு வந்திருக்கிறது. நடுப்பக்கத்தில் 14 கட்டங்கள் போட்ட ஓர் அட்டவணை இருக்கும். அதைப் பார்த்ததும் இதழை மூடி வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பக்கம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு அது பழைய சிநேகிதம். ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று முன்னும் பின்னும் ஆடியபடி ராகத்தோடு ஒப்பித்தோமே, அதே 14 ஸீகாக்கள் (வினைத் திரிபுகள்). புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மலைப்பாகத்தான் இருக்கும்.

நாங்கள் 'ஃபஅல'வை விட்டுவிட்டு 'ஜலஸ' என்ற வினையை எடுத்திருக்கிறோம். காரணம் எளிது. ஃபஅலவின் நடுவில் நிற்கும் 'ஐன்' என்ற தொண்டை ஒலி தமிழ் எழுத்துக்குள் அடங்காது. ஜலஸ அப்படியே அடங்கிவிடும். 'உட்கார்ந்தான்' என்று பொருள். பலர் கூடி உட்காரும் இடத்தை மஜ்லிஸ் என்கிறோமே, அதுவும் இதே ஜீம், லாம், ஸீன் என்ற மூன்று மெய்களிலிருந்து வந்ததுதான். தமிழ் அகராதியில் 'உட்கார்' என்று தேடுகிறவர், அரபி அகராதியில் 'உட்கார்ந்தான்' என்று தேட வேண்டும். அவன் ஒருவன் செய்து முடித்த செயல்தான் அங்கே வினையின் அடிப்படை வடிவம். மற்ற 13 கட்டங்களும் அதன்மேல் ஏறிய ஒட்டுகள்.

அந்த ஒட்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா? முன்னிலைக்குத் தேவையே இல்லை. அன்த என்றால் நீ, ஆண், வினை ஜலஸ்த. அன்தி என்றால் நீ, பெண், வினை ஜலஸ்தி. அன்தும், ஜலஸ்தும். அன்துன்ன, ஜலஸ்துன்ன. பெயரின் கடைசி அசையே வினையின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. அவன் உட்கார்ந்தான், அவள் உட்கார்ந்தாள் என்று பேசிப் பழகிய நமக்கு இதில் வியப்பு எதுவும் இருக்கக் கூடாது. விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் 'உட்கார்ந்தேன்' என்று மட்டும் சொல்லி 'நான்' என்பதை விட்டுவிடுகிறோம். அரபியும் அப்படித்தான்: 'ஜலஸ்து' போதும், 'அனா' வேண்டாம். தன்மையில் ஒட்டு பெயரைப் போல இராது. அனா என்பதற்கு து, நஹ்னு என்பதற்கு னா. இந்த இரண்டையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நாம், நாங்கள் என்ற பிரிவு அரபியில் கிடையாது என்பதால் நஹ்னு ஒன்றே இரண்டுக்கும் பொது.

இருமை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜலஸா என்றால் இரண்டு ஆண்கள், ஜலஸதா என்றால் இரண்டு பெண்கள். நீங்கள் இருவர் என்றால் ஆணோ பெண்ணோ ஜலஸ்துமாதான். அதனால்தான் 14 கட்டங்களில் வடிவங்கள் 13 மட்டுமே.

பன்மைக்கு வருவோம். ஹும் என்றால் அவர்கள், ஆண்கள், வினை ஜலஸூ. ஹுன்ன என்றால் அவர்கள், பெண்கள், வினை ஜலஸ்ன. ஒருமையில் அவன், அவள் என்று பிரிக்கும் தமிழ், பன்மைக்குப் போனதும் 'அவர்கள்' என்று எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடுகிறது. அரபி அங்கேயும் பிரிக்கிறது. குர்ஆன் தமிழாக்கங்களில் 'அப்பெண்கள்' என்ற சொல் அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். மூலத்தில் பல இடங்களில் தனிச்சொல் எதுவும் இருக்காது, வினையிலோ பெயரிலோ ஒட்டிய ஒரு சின்ன அசைதான் இருக்கும். கூட்டத்தில் 100 பெண்களோடு ஓர் ஆண் இருந்தால் மட்டும் ஜலஸ்ன போய் ஜலஸூ வந்துவிடும். இலக்கணம் அப்படித்தான் விதிக்கிறது; அதை ரசிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஜலஸ்ன என்றால் அப்பெண்கள் உட்கார்ந்தார்கள். ஜலஸ்னா என்றால் நாங்கள் உட்கார்ந்தோம். ஈற்றில் குறில், நெடில் என்பது மட்டுமே வேறுபாடு. பல மொழிக்காரர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். கல், கால் என்று குழந்தையிலேயே பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்குக் காது தயாராகவே இருக்கிறது. எழுதும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஜலஸூவின் கடைசியில் வாவுக்குப் பிறகு ஓர் அலிஃப் நிற்கும், அதை உச்சரிப்பதில்லை. இது பன்மையைக் குறிக்கும் வாவ் என்று கண்ணுக்குக் காட்டுவதற்காக நிற்கும் எழுத்து அது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வேறோர் இடத்தில் அரபி படித்துவரும் வாசகி ஒருவர் தன் பயிற்சித் தாளை எங்களுக்கு அனுப்பியிருந்தார். 'ஹஜ்ரத் உட்கார்ந்தார்கள்' என்பதை அரபியில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் 'ஜலஸூ' என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து 'ஜலஸ' என்று திருத்தியிருக்கிறார். "ஹஜ்ரத்தைப் போய் 'உட்கார்ந்தான்' என்று எப்படி எழுதுவது?" என்பது வாசகியின் கேள்வி.

நியாயமான தயக்கம். நம் வீடுகளில் வாப்பா வந்தார்கள், ஹஜ்ரத் ஓதினார்கள் என்றுதான் பேச்சு. 'நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்' என்றுதான் எழுத்து. ஆனால் ஹதீஸ் மூலத்தில் இருப்பது 'கால' என்ற ஒருமை வினை, 'கூறினான்' என்ற அதே வடிவம். அதில் மரியாதைக் குறைவு எள்ளளவும் இல்லை. அந்த வடிவத்துக்கு அரபியில் மரியாதையும் தெரியாது, அவமரியாதையும் தெரியாது. ஒருவர் என்றால் ஒருமை, அவ்வளவுதான். தொழுகையின் அத்தஹிய்யாத்தில் நபிக்கு ஸலாம் சொல்லும் இடத்தில் 'அலைக்க' என்ற ஒருமைதான் வருகிறது. மறுபக்கம், தெருவில் எதிர்ப்படும் ஒரே ஒருவருக்கு 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்கிறோம். அந்தக் 'கும்' உங்கள் எல்லோரையும் குறிக்கும் பன்மை. ஸலாமில் அது வழக்காக நிலைத்துவிட்டது. அரபி தெரியாத தமிழரும் நாள்தோறும் காதில் வாங்கும் அரபிப் பன்மைப் பெயர் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒருவரை உயர்த்திப் பன்மையில் அழைப்பது அரபியில் அடியோடு இல்லை என்று இதனால் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மைப் போல வினைக்கு வினை அதைச் சுமக்கும் பழக்கம் அங்கே இல்லை.

அடுத்த சிக்கல் வாக்கியத்தின் வரிசை. மாணவர்கள் உட்கார்ந்தார்கள் என்பதை 'அத்துல்லாப் ஜலஸூ' என்று எழுதினால் சரி. வினையை முன்னால் கொண்டு வந்தால், அரபிக்கு அதுதான் இயல்பான வரிசை, 'ஜலஸத் துல்லாப்' (ஜலஸ, அத்துல்லாப்) என்று வினை ஒருமைக்கு இறங்கிவிடும். யார் என்று பின்னால் சொல்லப் போவதால் முன்கூட்டியே எண்ணிக்கை தேவையில்லை. வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நாம் அட்டவணையை நம்பி எல்லா இடத்திலும் ஜலஸூ போட்டுவிடுவோம். ஆகவே இந்த ஒரு விதிக்காகத் தனிப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். விதியை மீறிப் பேசிய அரபிகளும் உண்டு. அந்த வழக்குக்கு இலக்கண நூல்கள் வைத்த பெயர் 'அகலூனில் பராகீஸ்', அதாவது 'தெள்ளுப்பூச்சிகள் என்னைத் தின்றார்கள்'. வினை முன்னால் நின்றும் பன்மை, அதுவும் பூச்சிக்குப் போய் மனிதருக்கு உரிய 'ஊ'! இலக்கணக்காரர்களுக்கும் நகைச்சுவை உண்டு.

பூச்சிக்கு 'ஊ' ஏன் பொருந்தாது? மனிதர் அல்லாதவை பலவாக இருந்தால் அரபியில் அவை பெண்பால் ஒருமையாகிவிடும். அல்கிலாப் ஜலஸத்: நாய்கள் உட்கார்ந்தன. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நாய்கள் உட்கார்ந்தாள்'. சிரிக்காதீர்கள், 'நாய்கள் உட்கார்ந்தது' என்று நாமும்தான் பேசுகிறோம். அறிவுடையவை, அல்லாதவை என்று அரபி இலக்கணிகள் பிரித்ததும், உயர்திணை அஃறிணை என்று தொல்காப்பியர் பிரித்ததும் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் விழுகின்றன. உயர்திணை தெரிந்த வாசகருக்கு இந்தப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் வசப்படுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் 'அல்கிதாப்' என்ற பேரிலக்கணம் தந்த சீபவைஹி பாரசீகர். நம் காலத்தில், உலகெங்கும் அரபி தொடங்குவோர் கையிலிருக்கும் 'துரூஸுல் லுகத்தில் அரபிய்யா'வை எழுதிய முனைவர் வி. அப்துர் ரஹீம், 1933இல் பிறந்த வாணியம்பாடிக்காரர். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து 2023இல் மறைந்தார். 'ஹாதா பைத்' என்று இரண்டே சொல்லில் தொடங்கும் அவருடைய முதல் பாகத்தில் வினைகள் உரையாடலின் ஊடே, யார் எங்கே போனார்கள் என்ற கேள்வி பதிலாக வரும். எங்கள் தொடரும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. அட்டவணையை வேண்டாம் என்று சொல்லவில்லை. ராகம் போட்டு ஒப்பித்தது வீண்போகாது. ஆனால் அதை வாக்கியத்தில் வைத்துப் பார்த்த பிறகு ஒப்பியுங்கள்.

பயிற்சித் தாளில் கடைசிக் கேள்விக்காக உயிர்க்குறிகள் இல்லாமல் ஜீம், லாம், ஸீன், தா என்ற நான்கு எழுத்துகளை மட்டும் அச்சிட்டிருக்கிறோம். ஜலஸ்து, ஜலஸ்த, ஜலஸ்தி, ஜலஸத் என்று நான்கு விதமாகவும் அதைப் படிக்கலாம். கூடவே கொடுத்துள்ள நான்கு வாக்கியங்களில் எது எங்கே பொருந்தும் என்று எழுதி அனுப்புங்கள். எழுவாய் வினைக்கு முன்னா பின்னா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்