யந்திரக் காரியதரிசி ஏன் பெண்ணாக இருக்க வேண்டும்?

இக்காலத்தில் ஒரு வைத்தியரோ, வக்கீலோ, கம்பெனி அதிகாரியோ தமது கைப்பேசியைப் பார்த்து, "நாளை மூன்று மணிக்கு இன்னாரைப் பார்க்க வேண்டும், இரண்டரைக்கு ஞாபகப்படுத்து" என்று வாயால் சொன்னால் போதும். அது அப்படியே நாட்குறிப்பில் பதிந்து கொள்ளுகின்றது. அந்த நேரத்திற்கு வேறு காரியம் முன்னமே குறித்திருந்தால் எச்சரிக்கை செய்கின்றது. பார்க்க வேண்டியவர் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்தால் அவ்வூர் மணியையும் கணக்கிட்டுச் சொல்லுகின்றது. காலையில் கேட்டால் அன்றைய காரியங்களை வரிசையாக ஒப்பிக்கின்றது. முன்பெல்லாம் இதற்கென்று சம்பளம் கொடுத்து ஒரு காரியதரிசியை வைத்துக் கொள்ளப் பெரிய மனிதர்களுக்கே முடிந்தது. இன்று அந்தச் சௌகரியம் சாதாரண மனிதனுக்கும் கிடைத்திருக்கின்றது.

இதை நாம் மனமார வரவேற்கின்றோம். மனித அறிவு கண்டுபிடித்தது மனிதனுக்கு உதவுவதில் நமக்கு மகிழ்ச்சியே. அன்றியும், அந்த யந்திரம் மூன்று மணி ஒழிவாக இருக்கின்றதா என்று பார்க்கின்றதே தவிர, அது ராகுகாலமா, எமகண்டமா, சூலம் எந்தத் திசையில் என்று தானாகப் பார்ப்பதில்லை. அந்த மட்டில் அதை வைத்திருக்கும் எஜமானர்கள் பலரை விட அதற்குப் புத்தி அதிகம் என்றே சொல்லலாம்.

நிற்க, நாம் கேட்க விரும்புவது வேறு ஒன்று. உயிரும் உடலும் இல்லாத இந்த யந்திரத்தைப் பெண்ணாக ஆக்கியது ஏன்? 2011இல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்டதற்குச் சிரி என்று பெயர். 2014இல் மைக்ரோசாப்ட் வெளியிட்டதற்குக் கோர்ட்டானா என்றும், அதே ஆண்டில் அமேசான் வெளியிட்டதற்கு அலெக்ஸா என்றும் பெயர். மூன்றும் பெண் பெயர்கள். அமெரிக்காவில் மூன்றும் பெண் குரலிலேயே வெளிவந்தன. இப்படிச் செய்வது பெண் என்றால் ஏவலுக்குக் காத்திருப்பவள் என்ற எண்ணத்தை வளர்க்கும் என்று 2019இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஓர் அறிக்கையே வெளியிட்டது. சிரியை ஒருவன் ஆபாச வார்த்தையால் திட்டினால், தன்னால் முடியுமானால் வெட்கப்பட்டிருப்பேன் என்று அது பதில் சொல்லும்படி செய்து வைத்திருந்ததை அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. திட்டுகிறவனுக்கு முன் நாணிக் கோணி நிற்பதே பெண்ணுக்கு அழகு என்பதை யந்திரத்திற்கும் கற்பித்து விட்டார்கள்!

"ஜனங்களுக்குப் பெண் குரல்தான் பிடிக்கிறது, வியாபாரி என்ன செய்வான்?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். அப்படியானால் அதே 2011இல் அதே சிரியை இங்கிலாந்துக்காரர்களுக்கு மட்டும் ஆண் குரலில் கொடுத்தார்களே, அங்குள்ளவர்களுக்குக் காது வேறா? இன்னும் ஒன்று சொல்லுகின்றோம். 1990களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. மோட்டார்களில் வழி சொல்லும் கருவிக்குப் பெண் குரலை வைத்தார்களாம். ஒரு பெண் சொல்லும் வழியில் நாங்கள் போவதா என்று ஆண்கள் புகார் செய்ததால் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று என்று அமெரிக்கப் பேராசிரியர் கிளிஃபோர்ட் நாஸ் சொல்லியிருக்கின்றார். ஆகவே விஷயம் காதில் இல்லை, தோழர்களே! ஏவினால் செய்வதற்குப் பெண் வேண்டும்; வழி சொல்லுவதற்குப் பெண் கூடாது. இதுவே இதிலுள்ள இரகசியம்.

இந்தப் புத்தி யந்திரத்தோடு வந்ததும் அல்ல. மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் ஆபீஸ் குமாஸ்தா என்றால் ஆண்தான். 1874இல் ரெமிங்டன் கம்பெனியார் டைப்ரைட்டரை விற்கத் தொடங்கிய பிறகு, வரவரப் பெண்கள் அவ்வேலைக்கு வந்தார்கள். பெண்கள் வெளியே வந்து சம்பாதித்தது நல்லதே. ஆனால் ஆணை விடக் குறைந்த சம்பளத்திற்குக் கிடைக்கிறார்கள் என்பதற்காகவே முதலாளிகள் அவர்களை விரும்பினார்கள். இன்று சம்பளமே கேட்காத யந்திரம் வந்த பிறகும், அதற்குப் பழைய வேலைக்காரியின் வேஷத்தையே போட்டு விட்டார்கள்.

இனி மேல்நாட்டாரை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளைக்குப் பரீட்சை என்றைக்கு, மாமியாருக்கு மாத்திரை எத்தனை மணிக்கு, காஸ் சிலிண்டர் எப்போது தீரும், பால்காரன் கணக்கு எவ்வளவு என்ற இவ்வளவையும் தலையில் வைத்துக் கொண்டு, புருஷனுக்கும் ஞாபகப்படுத்துகிறவள் யார்? அவளுக்குச் சம்பளம் உண்டா? லீவு உண்டா? இந்திய சர்க்கார் 2019இல் எடுத்த நேரக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 100க்கு 81 பேர். ஆண்களில் 26 பேரே. செய்தவர்களுக்குள்ளும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும் ஆண் 97 நிமிஷமும் செய்ததாகக் கணக்கு. இதில் ஓய்வே இல்லை என்று சொல்லிக் கொள்ளுகிறவர் மாத்திரம் ஐயா அவர்கள்!

யந்திரம் இந்த ஐயாவுக்குத் தினம் அரைமணி மிச்சப்படுத்திக் கொடுக்கின்றது என்றே வைத்துக் கொள்ளுவோம். அந்த அரைமணி எங்கே போகின்றது? இன்னொரு கூட்டத்திற்கோ வீண் அரட்டைக்கோ போய், வீட்டிலுள்ளவளின் 299 நிமிஷத்தில் ஒன்றுகூடக் குறையவில்லையானால், இந்த அற்புத யந்திரத்தால் மனித சமூகம் அடைந்த லாபம் என்ன என்று கேட்கின்றோம்.

ஆகையால் யந்திரத்தை எறிந்து விடும்படி நாம் சொல்லவில்லை. தாராளமாக வைத்துக் கொள்ளுங்கள். 2021 முதல் ஆங்கிலத்தில் சிரியின் குரலை ஆப்பிள் கம்பெனி தானாக முடிவு செய்யாமல், வாங்குகிறவரே தெரிந்தெடுக்கும்படி விட்டிருக்கின்றது. அது ஒரு நல்ல காரியம். ஆனால் குரலை மாற்றினால் மட்டும் குணம் மாறி விடாது. உங்கள் நாட்குறிப்பில் வக்கீலையும் வியாபாரியையும் பார்க்கும் நேரத்தைக் குறித்து வைப்பது போல், காய்கறி நறுக்கும் நேரத்தையும், பாத்திரம் துலக்கும் நேரத்தையும், குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தையும் உங்கள் பேரிலேயே குறித்து வையுங்கள். நேரம் வந்தவுடன் யந்திரம் ஞாபகப்படுத்தும். அது அதன் கடமை.

எழுந்து போய்ச் செய்வது உங்கள் கடமை.